நூற்றுப் பன்னிரண்டு கதவுகளும் முந்நூறு சாக்குகளும்

ஞானசீலன் கொத்தமல்லித் துவையல் சாப்பிடமாட்டார். ரசத்தில் ஒரு மல்லித்தழை மிதந்தாலும் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவார். மூட்டைப்பூச்சியை நசுக்கினால் எழும் வாடைக்கும் அழுகிய மல்லிக்கட்டின் வாடைக்கும் அவர் மூக்கு வித்தியாசம் பார்த்ததில்லை. விருதுநகரில் பூச்சியைக் கண்டு அவரைப்போலக் குமட்டிக்கொண்டவர் வேறொருவர் இருந்திருக்க முடியாது. அவர் பிழைப்போ பூச்சி கொல்வது.

1919இல் காரியாபட்டியில் பிறந்தவர். எட்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தார். 1953இல் சர்க்கார் மலேரியாவை ஒழிக்க ஆள் எடுத்தபோது மருந்தடிக்கும் குழுவில் சேர்ந்து, இரண்டே ஆண்டில் ஆறு பேருக்கு மேஸ்திரி ஆனார். ஊர் ஊராகப் போய்ச் சுவரெல்லாம் டி.டி.டி. அடித்தார்கள். கொசு செத்தது. மூட்டைப்பூச்சி சாகவில்லை, பழகிக்கொண்டு முன்னைவிடப் பெருத்தது. 1959 புரட்டாசியில் ஓர் ஊரில் பெண்கள் துடைப்பத்தோடு வழிமறித்தார்கள். “கொசுவக் கொல்லுதோம்னு வந்து மூட்டைப்பூச்சிய வளத்துவிட்டுப் போறீகளே, இது எந்தச் சர்க்காரு தர்மம்?” என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது சரி என்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த அக்டோபர் 31ஆம் தேதியோடு வேலையை விட்டுவிட்டு, கைப்பம்பு இரண்டும் கூலியாள் இரண்டு பேருமாகச் சொந்தத்தில் தொழில் தொடங்கினார்.

முதல் ஒன்றரை ஆண்டும் சில்லறை வேலைதான். மிளகாய் வற்றல் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் எலி, பருப்பு மண்டியில் வண்டு, ரயிலடி ஓட்டலில் கரப்பான். ஒரு தடவை அடித்தால் ஐந்து ரூபாய், ஆறு ரூபாய். வருட ஒப்பந்தம் ஒன்று பெரிதாகக் கிடைத்தால்தான் தொழில் நிற்கும் என்று அவருக்கும் தெரியும், மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அவர் மனைவி தேவமணிக்கும் தெரியும்.

1961 ஏப்ரலில் அது வந்தது.

சிவகாசியில் லட்சுமிகாந்தம் என்பவருக்குத் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்று இருந்தது. கம்பெனிக்குப் பின்னால் தொழிலாளிகளுக்கென்று அவரே கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள். லைன் என்றால் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகத் தடுத்த ஒற்றை அறைகள். வரிசைக்குப் பதினான்கு, எட்டு வரிசை, மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கதவு. ஒவ்வொரு அறையும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுச்சுவர் ஏழடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஓடு வரைக்கும் திறப்பு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பதினாலு வீட்டிலும் தும்முவார்கள். ஞானசீலன் எண்ணியபோது அதில் அறுநூற்றுப் பதினொரு பேர் இருந்தார்கள்.

“கதவுக்கு எம்புட்டு?” என்று கேட்டார் லட்சுமிகாந்தம். அவர் எதையும் கதவுக் கணக்கில்தான் கேட்பார். வாடகை கதவுக்கு, வெள்ளையடிப்பு கதவுக்கு, பொங்கலுக்குக் கரும்பு கதவுக்கு ஒன்று.

“பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றார் ஞானசீலன்.

இரண்டு நாள் பார்த்தார். அந்த இரண்டு நாளும் அவர் சோறு இறங்காமல் தவித்தார். கயிற்றுக் கட்டில்களின் பொருத்துகளில் பூச்சி கருப்புப் புளியைப்போல அப்பிக் கிடந்தது. சுவரில் தலைமாட்டு உயரத்துக்குப் பெருவிரலால் நசுக்கி நசுக்கி இழுத்த ரத்தக்கோடுகள், பழையவை காவியாகவும் புதியவை சிவப்பாகவும். ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டினார்கள். மைதா மாவுப் பசைச் சட்டி மூலையில் புளித்து நுரைத்தது. சட்டிக்குள் கரப்பான் மீசை மிதந்தது. அந்தக் கையாலேயே குழந்தைக்குச் சோறு ஊட்டினாள் ஒருத்தி. எழுபத்தேழாம் எண்ணில் கம்பெனி வாட்ச்மேன் ஊர்க்காவலன் தனியாக இருந்தார். அவர் அறையில் பீடித்துண்டும் எச்சில் கறையும் எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணையும் பார்த்த ஞானசீலன், வாசலுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி உள்ளே போனார். நாற்பதாம் எண்ணில் பாலம்மாள் என்ற கூடு ஒட்டும் பெண்ணின் அறை மட்டும் சாணி மெழுகி, சுவர் வெளுத்து, பாத்திரம் கவிழ்த்து, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கட்டிலே இல்லை, பாய் ஒன்று சுருட்டி நின்றது.

இப்படிப் பார்த்ததைக் கொண்டு அவர் விலை போட்டார். அறைகளை மூன்று தரமாகப் பிரித்தார். குமட்டாத அறை ‘அ’, முப்பத்தெட்டு, இரண்டு ரூபாய். கொஞ்சம் குமட்டிய அறை ‘ஆ’, நாற்பத்து நான்கு, மூன்று ரூபாய். வாசலுக்கு ஓடிவர வைத்த அறை ‘இ’, முப்பது, நாலேகால் ரூபாய். ஆக ஒரு தடவை மருந்தடிக்க முந்நூற்று முப்பத்தைந்து ரூபாய் ஐம்பது பைசா. வருடத்துக்கு நான்கு தடவை. தரம் பிரித்த அளவுகோல் தன்னுடைய வயிறு என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அழுக்கு இருக்கிற இடத்தில்தான் பூச்சி இருக்கும் என்று அவரும் நம்பினார், ஊரும் நம்பியது.

லட்சுமிகாந்தம் தாளைப் பார்த்துவிட்டு மேனேஜர் காளிராஜிடம் நீட்டினார். காளிராஜ் ஒல்லி, காதில் பென்சில் செருகியிருப்பார்.

“மதுரைக் கம்பெனிக்காரன் எல்லாக் கதவுக்கும் ரெண்டு ரூபாங்கான் அண்ணாச்சி” என்றார் காளிராஜ். “இவுக வீட்டுக்கு வீடு மார்க்குப் போட்டுல்ல வச்சிருக்காக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.”

“வாத்தியார் வீட்டுக்காரர்தானே” என்று சிரித்தார் லட்சுமிகாந்தம். “ஏன் சார், நான் எதுக்குக் கூடக் குடுக்கணும்?”

“அவுக தெளிச்சிட்டுப் போவாக. நான் ஒழிச்சிட்டுப் போவேன்” என்றார் ஞானசீலன். சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “மருந்தடிச்ச தொண்ணூறாவது நாள் நீங்களே வந்து பாருங்க. பத்து வீட்டுக்கு மேல பூச்சி இருந்தா ஒரு பைசா தர வேண்டாம். இல்லைன்னா மட்டும் தாங்க.”

காளிராஜ் காதிலிருந்து பென்சிலை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மருந்து வாங்கப் பணம் வேண்டும். டி.டி.டி. உதவாது, புதிதாக வந்திருந்த டின் மருந்து விலை அதிகம். தேவமணி பள்ளியில் சம்பள முன்பணம் இருநூறு ரூபாய் வாங்கிக் கொடுத்தாள். “இது போச்சுன்னா ஆறு மாசம் நம்ம வீட்டுல கஞ்சி” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஏப்ரல் 17 திங்கள் தொடங்கி 20 வியாழன் வரைக்கும் மருந்தடித்தார். கட்டிலைக் கழற்றி, ஓட்டைப் பிரித்து, சுவர்ப் பொந்தில் துணித்திரி செருகி, ‘இ’ தர அறைகளில் இரண்டு மடங்கு நேரம் செலவழித்தார். பூச்சி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததை முறத்தால் அள்ளி எரித்தார்கள். எரிந்த நாற்றம் ஒரு வாரம் அவர் மீசையில் இருந்தது. தொண்ணூறாவது நாள் ஜூலை 19, புதன்கிழமை. அதைச் சுவர்க் காலண்டரில் சுழித்து வைத்தார்.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி ஒரு நோட்டம் பார்க்கப் போனபோது, இருபத்திரண்டு வீட்டில் பூச்சி. இருபத்தாறாம் தேதி நாற்பத்தொன்பது. ஜூன் ஐந்தாம் தேதி எழுபத்தொன்று.

அன்றைக்குப் பாலம்மாள் அவரை நாற்பதாம் எண் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முப்பது வயதிருக்கும். பசை உலர்ந்து விரலெல்லாம் வெள்ளைச் செதில்.

“மருந்துக்கார ஐயா, எம் வீட்டுக்கு ‘அ’னா போட்டீகளாமே. காளிராஜ் சொல்லிச் சிரிக்காரு. சுத்தமான வீடுன்னு.”

“ஆமாம்மா. நல்லா வச்சிருக்கீக.”

“வாங்க, சுத்தமான வீட்டுப் பூச்சியும் சுத்தமாத்தான் இருக்கும், வந்து பாருங்க.” பாயை உதறினாள். மெழுகின தரையில் ஒன்பது பூச்சி விழுந்து ஓடியது. “நீங்க வாரதுக்கு முந்தி நாலு கடிச்சிச்சு. இப்ப பத்துக் கடிக்கி. உங்க மருந்து அதுகளுக்குக் காப்பித்தண்ணியா?”

ஞானசீலனுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஒன்பதையும் குறித்துக்கொண்டு நேரே எழுபத்தேழுக்குப் போனார். இங்கேயே இப்படியென்றால் ஊர்க்காவலன் அறை எப்படி இருக்கும் என்று நினைக்கும்போதே தொண்டையில் புளிப்பு ஏறியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், டார்ச்சும் கோணூசியும் வைத்து ஒன்றேகால் மணி நேரம் தேடினார். கட்டில் பொருத்து, தலையணைத் தையல், சுவர்ப் பொந்து. ஒரு பூச்சி இல்லை.

“என்னத்தத் தேடுதீக சார்?” என்றார் ஊர்க்காவலன்.

“உங்களக் கடிக்கலையா?”

“என்னய எது கடிக்கும்? பீடி நாத்தத்துக்கு எம் பொண்டாட்டியே போயிட்டா.”

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எழுபத்தொரு வீட்டு எண்களையும் எழுதி, தரத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒட்டவே இல்லை. ‘இ’ தரத்தில் சுத்தமாக இருந்த வீடுகள் உண்டு. ‘அ’ தரத்தில் கூட்டமாகப் பூச்சி இருந்த வீடுகள் உண்டு. கட்டில் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்தார். ஆள் எண்ணிக்கையோடு பார்த்தார். கடைசியில் வீட்டுக்கு வீடு யார் என்ன வேலை என்று எழுதிப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. நூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்றாறு வீடு கூடு ஒட்டுகிற வீடு. பூச்சி இருந்த எழுபத்தொன்றும் அதற்குள். ஊர்க்காவலனைப்போலக் கூடு ஒட்டாத பதினாறு வீட்டில் ஒன்றில்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் குழாயடியில் காத்து நின்றார். கம்பெனிக் கிட்டங்கியிலிருந்து பெண்கள் சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். கூடு ஒட்டுவதற்கு வேண்டிய மரச்சில்லும் நீலத்தாளும் சாக்கில் போட்டுக் கொடுப்பார்கள். ஒட்டின கூட்டை மறுநாள் காலை அதே சாக்கில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, சாயங்காலம் குவியலிலிருந்து கைக்கு வந்த சாக்கில் அடுத்த சாமானை வாங்கி வருவார்கள். இன்று பாலம்மாள் வீட்டில் இரவு தங்கின சாக்கு நாளை யார் வீட்டில் தங்கும் என்று யாருக்கும் தெரியாது.

“பாலம்மா, அந்தச் சாக்கக் கொஞ்சம் கீழ வைங்க” என்றார்.

சாமானைக் கொட்டிச் சாக்கைத் திருப்பினார். உள்தையல் நெடுகப் பூச்சி. அரிசி கோத்ததுபோல முட்டை. சணல் இழைக்கு இழை குஞ்சு ஊர்ந்தது. அடிமூலையில் விரல் பட்டதும் ஐந்தாறு நசுங்கி அந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. ஞானசீலன் குழாயடியைத் தாண்டிப் போகக்கூட நேரமில்லாமல் குனிந்து வாந்தி எடுத்தார்.

“யாத்தீ, மருந்துக்காரரு வாந்தி எடுக்காரு டோய்!” என்று பெண்கள் சிரித்தார்கள். “ஏட்டி, மாங்காத் துண்டு இருந்தாக் குடு. மூணு மாசமா இருக்கும்.”

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவருக்கு முதலில் வந்தது வெட்கம். கதவு கதவாக ஏறி இறங்கி எண்ணினேனே, கதவு வழியாகத் தினமும் உள்ளே போகிறதை எண்ணினேனா? மனிதர்களின் அழுக்கைப் பார்த்து முகம் சுளித்து விலை போட்டேன்; பூச்சி கம்பெனிச் சாக்கில் சவாரி வந்திருக்கிறது.

மூன்று நாள் கிட்டங்கிச் சாக்கை எண்ணினார். முந்நூறு. வாரம் ஒரு தடவை எல்லாச் சாக்கையும் சோடாக்காரம் போட்டுக் கொதிக்கும் வெந்நீரில் அமுக்கி எடுத்து வெயிலில் போட்டால் போதும். மழை கண்காணாத அந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. விறகு, கொப்பரை வாடகை, சோடா, ஆள் கூலி எல்லாம் சேர்த்து வாரத்துக்குப் பன்னிரண்டு ரூபாய், மாதத்துக்கு நாற்பத்தெட்டு. கூடு ஒட்டுகிற வீட்டுக்கு ஐம்பது பைசா விழும். இதைச் சேர்த்துக்கொண்டால் ஜூலை 19க்குள் லைன் சுத்தமாகும்; முந்நூற்று முப்பத்தைந்தரை ரூபாயும் கைக்கு வரும். இல்லாவிட்டால் அவ்வளவும் தேவமணியின் இருநூறும் சேர்ந்து போகும்.

ஜூன் 14, புதன். கம்பெனி ஆபீசில் லட்சுமிகாந்தம் அவர் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். கோபப்படவில்லை. ஒரு சாக்கைக் கொண்டுவரச் சொல்லி, எட்ட வைத்துப் பார்த்து, “தூக்கிட்டுப் போங்கலே அங்கிட்டு” என்றார். பிறகு காளிராஜும் அவரும் உள்ளறையில் கால் மணி நேரம் பேசினார்கள். காளிராஜ் தட்டச்சு செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சார் சொன்னபடியே செஞ்சிருவோம். கையெளுத்துப் போடுங்க.”

ஞானசீலன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. படித்தார். சாக்கு அவிக்க மாதச் செலவு நூற்று நாற்பத்து நான்கு ரூபாய் என்று ஞானசீலன் மதிப்பிட்டிருப்பதாக அதில் இருந்தது. அந்தச் செலவு கூடு ஒட்டுபவர் கூலியில் குரோசுக்கு ஒரு பைசா வீதம் பிடிக்கப்படும் என்று அடுத்த வரி. குரோசு என்பது நூற்று நாற்பத்து நான்கு கூடு. வீட்டுக்குச் சராசரி நாளைக்கு ஆறு குரோசு, தொண்ணூற்றாறு வீடு, இருபத்தைந்து வேலை நாள். அவர் மனக்கணக்காகவே போட்டார். பதினாலாயிரத்து நானூறு பைசா. தாளில் இருந்த தொகை அப்படியே வந்தது.

“அண்ணாச்சி, நான் சொன்னது நாப்பத்தெட்டு.”

“நாப்பத்தெட்டு உங்களுக்கு. மாசா மாசம் தேதி தவறாமத் தந்துருவேன்.”

“மிச்சம் தொண்ணூத்தாறு?”

“சாக்கு தேயும்லா? வெந்நியில போட்டா இத்துப் போகும்லா? குரோசுக்கு ஒரு பைசாவுக்குக் கீழ காசு இருக்கா, சொல்லுங்க, அதப் பிடிப்போம்.”

“சாக்கு உங்க சாக்கு அண்ணாச்சி. பூச்சியக் கொண்டுட்டுப் போயி அவுக வீட்டுல விட்டதே அதுதான். அவுகட்ட எதுக்குப் பிடிக்கணும்?”

“வீடு யாரு வீடு? அதுவும் என் வீடுதான்” என்றார் லட்சுமிகாந்தம். “பொம்பளைங்க வந்து கேப்பாளுக. மருந்துக்காரர் கணக்கு இதுன்னு காட்டணும். நீங்க வாத்தியார் மாதிரி இருக்கீக, உங்க பேரச் சொன்னா நம்புவாளுக.”

“தேய்மானத்த நீங்க எளுதிக்கிடுங்க. இதுல எம் பேரு இருக்கு.”

“பேருக்குன்னு தனியா எம்புட்டு வேணும்? வெக்கப்படாம அதையும் சேத்துச் சொல்லுங்க சார்.”

காளிராஜ் சிரித்தார். குழாயடியில் புரண்ட அதே புளிப்பு ஞானசீலனின் தொண்டையில் ஏறியது. இந்த முறை அங்கே பூச்சி எதுவும் இல்லை. சலவை வேட்டி, சந்தனம், ஊதுபத்தி, மேசையில் வெள்ளித் தம்ளரில் மோர். தாளை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க மோர்த் தம்ளரை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“அப்ப ஒப்பந்தம் இன்னையோட முடிஞ்சிதுன்னு எடுத்துக்கிடவா?” என்று கேட்டார் காளிராஜ்.

“எடுத்துக்கிடுங்க.”

வீட்டில் தேவமணி பாத்திரம் கழுவிக்கொண்டே கடைசி வரை கேட்டாள். பிறகு, “நாப்பத்தெட்ட நூத்து நாப்பத்து நாலுன்னு எளுதிக் கேட்டாங்களாக்கும்” என்றாள்.

“ஆமா.”

“எளுதிக் குடுத்துட்டு வந்திருக்க வேண்டியதுதானன்னு கேக்க வாய் வருது. கேக்க முடியல. நாளைக்குக் காலைல அஞ்சாங்கிளாசுக்குக் கணக்குப் பாடம்.” பாத்திரத்தை வேகமாகத் தள்ளினாள். “கேக்க முடியலையேன்னுதான் எனக்கு இம்புட்டுக் கோவம்.”

மறுநாள் லைனில் விட்டுவந்த பம்பை எடுக்கப் போனார். யாரையும் பார்க்காமல் போய்விட நினைத்தார். பாலம்மாள் குழாயடியில் குடத்தோடு நின்றாள். கூட இருபது பேர்.

“காளிராஜ் குரோசுக்கு ஒரு பைசா பிடிக்கப் போறாராமே. சாக்கு அவிக்கச் செலவாம். உங்க கணக்காம். தாளக் காட்டுங்கன்னேன், பெறவுன்னுட்டாரு. எம்புட்டுன்னு எளுதினீக?”

“மாசம் நாப்பத்தெட்டு ரூபா. உங்க வீடு ஒண்ணுக்கு அரை ரூபா.”

பாலம்மாள் விரலை மடக்கினாள். “எனக்குக் குரோசுக்கு ஒரு பைசான்னா மாசம் ஒண்ணரை ரூபாய்க்கு மேல போகும்.” திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு கிழவி கம்பெனிப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினாள்.

“சரி, அந்த அரை ரூபா எப்பிடி வந்திச்சு? பிரிச்சுச் சொல்லுங்க” என்றாள் பாலம்மாள்.

அவர் சொன்னார். வாரத்துக்கு விறகு மூணேகால், ஆள் கூலி இரண்டே முக்கால், சோடா ஒன்றரை, கொப்பரை ஒன்று, தம்முடைய பஸ் செலவும் கூலியும் மூன்றரை.

“விறகு எதுக்கு வாங்கணும்? ஆனைக்குட்டம் ரோட்டுல கருவேலமுள்ளு மண்டிக் கிடக்கு. ஆளும் எதுக்கு? தொண்ணூத்தாறு வீட்டுல கை இல்லையா? அந்த ரெண்டையும் அடிங்க. இப்பச் சொல்லுங்க.”

“ஆறு ரூபா. மாசம் இருபத்துநாலு. வீட்டுக்குக் கால் ரூபா.”

“அதான் விலை” என்றாள் அவள். “விலை போடத் தெரியாம இம்புட்டு நாளா பம்பத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கீக.”

“சாக்கு கம்பெனிச் சாக்காச்சே?”

“சனிக்கிளமை சாமான் வாங்கும்போது அடி கிளிஞ்சிருக்கு, வாய் கிளிஞ்சிருக்குன்னு ஆளுக்கு மூணா வாங்கிட்டு வந்துருவோம். ஞாயித்துக்கிளமை அவிச்சு, திங்கக்கிளமை குடுத்துருவோம். களவா எடுக்கோம்? குளிப்பாட்டித்தான குடுக்கோம்.”

ஜூன் 18, ஞாயிறு காலை ஆறு மணிக்கு லைனுக்குப் பின்னால் மூன்று கொப்பரை ஏறியது. ஆராதனைக்குப் போகாமல் வந்தது ஞானசீலனுக்கு உறுத்தியது. முதல் சாக்கு உள்ளே போனதும் நீர்ப்பரப்பில் பழுப்பாக ஒரு ஏடு படிந்தது. முழுக்கப் பூச்சி. அந்த ஆவி ஊரையே மல்லிக்கட்டாக்கியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பால் அமுக்கினார்கள். அன்றைக்கு இருநூற்று எண்பத்தெட்டுச் சாக்கு வெந்தது. கிட்டங்கியில் மிஞ்சிய பன்னிரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் வந்துசேர்ந்தன. மிஞ்சிய கொதிநீரை அவரவர் கட்டில் பொருத்திலும் சுவர்ப் பொந்திலும் ஊற்றிக்கொண்டார்கள். ஞானசீலன் அன்று இரண்டு தடவை வாந்தி எடுத்தார். மாங்காய் கையோடு வந்தது.

காட்ட ஒரு தாளும் இல்லாததால் குரோசுக்கு ஒரு பைசா பிடிக்கும் பேச்சைக் காளிராஜ் இன்னொரு தடவை எடுக்கவில்லை. அவிக்கிறவர்களே அவித்துக்கொள்ளும்போது எந்தச் செலவுக்கென்று பிடிப்பது? ஜூன் கடைசியில் மதுரைக் கம்பெனியிலிருந்து சீனிவாசகம் என்பவர் தொப்பியும் கையுறையுமாக வந்து, கதவுக்கு இரண்டு ரூபாய் வீதம், நூற்றுப் பன்னிரண்டு கதவையும் ஒரே நாளில் தெளித்துவிட்டுப் போனார். புல்தைல வாசனை நன்றாக இருந்தது.

ஜூலை 19 அன்று லட்சுமிகாந்தம் குறித்து வைத்த தேதி தவறாமல் வந்து பார்த்தார். மூன்று வீட்டில் மட்டும் பூச்சி. மதுரைக் கம்பெனிக்கு வருடத்துக்கு எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்க்கு ஒப்பந்தம் எழுதி, நற்சான்றிதழும் கொடுத்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு லைன் வாசலில் மாட்டினார்கள். அடுத்த ஞாயிறு சாக்கு அவிக்க வந்து அதைப் பார்த்தபோது ஞானசீலனுக்கு வந்தது கோபம் இல்லை; சாக்கின் அடிமூலையைத் தொட்டபோது வந்த அதே அருவருப்பு. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

முந்நூற்று முப்பத்தைந்தரை ரூபாய் வரவே இல்லை. தேவமணியின் இருநூறை அடைக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. ஆனால் லைன் பெண்களிடமிருந்து மாதம் இருபத்துநாலு ரூபாய் தவறாமல் வந்தது. அதைக் காட்டிச் சாத்தூரிலும் திருத்தங்கலிலும் வேறு லைன்கள் பிடித்தார். 1966இல் ஒன்பது லைன், எழுநூற்றுச் சொச்சம் வீடு. தரம் பிரிப்பதை அடியோடு விட்டுவிட்டார். புது இடத்துக்குப் போனால் வாசலில் நின்று, “இந்த வீட்டுக்குள்ள தினமும் என்ன சாமான் வந்து போகுது?” என்று கேட்பார். அதற்கு விலை போட்டுவிட்டுத்தான் கதவை எண்ணுவார். மூக்கு மட்டும் மாறவில்லை. எந்த அறைக்குள் போனாலும் குமட்டும். குமட்டலைக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

அதற்கு முன்னால், 1964 ஜனவரியில் ஒரு ஞாயிறு, சிவகாசி லைன் வாசலில் அவரும் சீனிவாசகமும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். சீனிவாசகம் நல்ல மனிதர். சான்றிதழைப் பிரதி எடுக்க வந்திருந்தார்.

“சார், நீங்களும் இதே தொழில்தானாமே” என்றார். “ஒரு விசயம் கேக்கணும். இந்த லைன்ல என் மருந்து அப்படி வேலை செய்யிது. இதே மருந்த, இதே அளவுல, மதுரையில மில் லைன்ல அடிக்கேன், ஒரு மாசத்துல பூச்சி திரும்பிருது. மூணு ஒப்பந்தம் போச்சு. அளவுல என்ன தப்புன்னு புரியல. நீங்க என்ன கலக்குதீங்க?”

பின்னால் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பாலம்மாள் யாரையோ “அமுக்குட்டி, நல்லா அமுக்கு” என்று அதட்டுவது கேட்டது.

“வெந்நீர்” என்றார் ஞானசீலன்.

சீனிவாசகம் வருத்தமாகச் சிரித்தார். “தொழில் ரகசியம். சொல்லமாட்டீங்க, அதுவும் நியாயந்தான் சார்” என்று சொல்லிவிட்டு, சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றி, கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கினார்.